பைத்தான்ல ஃப்ளோட் நம்பர் தப்புத் தப்பா பிரிண்ட் ஆகுதா? அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

ஃப்ளோட், அதாவது புள்ளி வச்ச நம்பரை வைக்கற டைப், அது சம்பந்தப்பட்ட பிரச்சனைன்னு வந்தா பாதிப் பேர் உடனே போய் ஒரு ரவுண்ட் போட்டுட்டு வந்துடுறாங்க, அது அந்த எடத்துல சரியாத் தெரிஞ்சாலும் வேற எங்கயோ ஒரு பைசா இடிக்கும். மெமரில இருக்கற நம்பர் ஒண்ணு, திரையில வர்ற எழுத்து இன்னொண்ணு, இந்த ரெண்டுல எது தப்புன்னு கண்டுபிடிக்காம கோட்ல கை வைக்காதீங்க. கீழ சொல்றது எல்லாமே இதை வச்சுத்தான்.

பெரும்பாலும் பைத்தான் 3-ஐ வச்சு சொல்றேன், நடுவுல ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி++ வரும். கோட் வார்த்தைகளையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், எடிட்டர்ல அடிக்கும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைப் போட்டுக்கோங்க.

எதுக்கும் முன்னாடி இந்த டெஸ்ட்

சந்தேகமா இருக்கற வேரியபிளை மூணு விதமா பிரிண்ட் பண்ணுங்க. ஒண்ணு அதோட டைப். ரெண்டாவது ரெப்ர், அதாவது வேல்யூவை உள்ள இருக்கற மாதிரி எழுத்தாத் தர்ற ஃபங்ஷன், எஃப்-ஸ்ட்ரிங்னா (மேற்கோள் குறிக்கு முன்னாடி எஃப் போட்டு, {}-க்குள்ள வேரியபிளை எழுதற முறை) பேருக்குப் பின்னாடி !ஆர் போட்டா போதும். மூணாவது :.20எஃப் போட்டு, அதாவது புள்ளிக்கு அப்புறம் 20 இலக்கம். 0.1-ஐ இப்படி பிரிண்ட் பண்ணா 0.10000000000000000555-னு வரும். நீங்க 0.1-னு எழுதினதா நினைச்சுட்டு இருக்கற எடத்துல உண்மையில உக்காந்திருக்கறது இதுதான்.

ஏன்னா பைத்தான் ஃப்ளோட்டுக்கு 64 பிட், அதுல நம்பரோட இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியம். 1985-ல வந்த ஐஇஇஇ 754 தரத்துல வர்ற டபுள்தான் இது, ஜாவால டபுள்னு சொல்றதும் ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரண நம்பரும் இதேதான். மூணுல ஒண்ணை தசமத்துல எழுதப் போனா 0.333-னு முடியாம போய்ட்டே இருக்குமில்ல, அதே மாதிரி பத்துல ஒண்ணை பைனரில எழுதப் போனா முடியாது, 53 பிட்ல வெட்டித்தான் ஆகணும். 0.5, 0.25, 0.125 மாதிரி ஒரு முழு எண்ணை ரெண்டோட அடுக்கால வகுத்தா வர்றது மட்டும் அப்படியே உக்காரும். இது மனசுல இருந்தா கீழ இருக்கற பாதி அறிகுறிக்கு காரணம் தானா புரிஞ்சிடும்.

அறிகுறி: 0.3 வரவேண்டிய எடத்துல 0.30000000000000004 வருது

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா வர்றது. 1.1 பெருக்கல் 3 போட்டா 3.3000000000000003 வரும், அதே குடும்பம். இது பைத்தானோட பக் கிடையாது, உள்ள இருக்கறதை ஒளிக்காம காட்டுது, அவ்ளோதான். பைத்தான் 3.1-லயும் 2.7-லயும் ரெப்ர் வேலை செய்யற விதத்தையே மாத்தினாங்க. திரும்பப் படிச்சா அச்சு அசல் அதே ஃப்ளோட் கிடைக்கற மாதிரி எழுத்துகள்ல எது ரொம்பக் குட்டியோ அதைத்தான் இப்போ காட்டும். அதனாலதான் 0.1 அழகா 0.1-னே தெரியுது, பழைய 2.6-ல எல்லாம் ரெப்ர் போட்டா 0.10000000000000001-னு வரும். கூட்டி வந்த விடை 0.3-க்கு பக்கத்து வீட்டு ஃப்ளோட், 0.3 இல்ல, அதனால அதுக்கு 17 இலக்கம் தேவைப்படுது.

சரி பண்றது எப்படின்னா, மனுஷங்க பாக்கற எடத்துல மட்டும் :.2எஃப் போடுங்க, 0.30 வரும். வேரியபிளை மாத்தாதீங்க. ஃபைல்ல எழுதி திரும்பப் படிக்கப் போறீங்கன்னா நேர்மாறு, அந்த நீள வாலை வெட்டவே கூடாது. ரெப்ர் தர்றதை அப்படியே எழுதுங்க, இல்லன்னா .17ஜி போடுங்க, 17 இலக்கம் இருந்தா எந்த டபுளும் சேதாரம் இல்லாம திரும்பி வரும். 15 இலக்கத்தோட நிறுத்தினா சில நம்பர் திரும்பி வரும்போது பக்கத்து ஃப்ளோட்டா மாறிடும்.

ரெண்டு ஃப்ளோட்டை சமமான்னு பாக்கறதுக்காக ரெண்டையும் ஸ்ட்ரிங்கா மாத்தி ஒப்பிடறதை நிறைய கோட்ல பாக்கறேன், தயவுசெஞ்சு வேண்டாம், ரெண்டும் போதுமான அளவு பக்கத்துல இருக்கான்னு பாக்க மேத்.இஸ்குளோஸ் (math.isclose) இருக்கு.

அறிகுறி: 2.675-ஐ ரெண்டு இலக்கமா மாத்தினா 2.68 வராம 2.67 வருது

அதிகமா சண்டை நடக்கறது இதுக்குத்தான், கொஞ்சம் நின்னு பாப்போம். ரெண்டு தனித்தனி காரணம் இருக்கு, வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் காரணம், உள்ள இருக்கறது 2.675 இல்ல. 20 இலக்க டெஸ்ட் போட்டா 2.67499999999999982236-னு வரும். பாதிக்குக் கீழ இருக்கு, அப்போ 2.67-தான் சரியான விடை, ஃபார்மட் பண்ற ஃபங்ஷன் மேல ஒரு தப்பும் இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல 1.005-க்கு டூஃபிக்ஸ்டு(2) போட்டா 1.00 வர்றதும் இதே கதைதான்.

ரெண்டாவது காரணம், நம்பர் நிஜமாவே நட்ட நடுவுல நிக்கறது. 0.125 பைனரில அச்சு அசலா உக்காரும்னு மேல சொன்னேன்ல, அதை :.2எஃப் போட்டா பைத்தான்ல 0.12 வரும், 0.375 போட்டா 0.38 வரும். ஒண்ணு கீழ போகுது, இன்னொண்ணு மேல போகுது. நட்ட நடுவுல இருந்தா பக்கத்துல இருக்கற இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகணும்ங்கற விதி இது, ரவுண்ட்(0.5) 0 தர்றதும், ரவுண்ட்(1.5), ரவுண்ட்(2.5) ரெண்டுமே 2 தர்றதும் இதனாலதான். எப்பவும் மேலயே தள்ளிட்டு இருந்தா ஆயிரக்கணக்கான வரியைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமா சாய்ஞ்சுடும், அதைத் தடுக்கத்தான் இப்படி வச்சிருக்காங்க.

வம்பு எங்கன்னா, எல்லா மொழியும் இதே விதியைப் பின்பற்றறது இல்ல. அதே 0.125-க்கு ஜாவாஸ்கிரிப்ட் டூஃபிக்ஸ்டு 0.13 தரும், ஜாவால ஸ்ட்ரிங்.ஃபார்மட்டும் 0.13 தரும், ஆனா அதே ஜாவால டெசிமல்ஃபார்மட் கிளாஸ் போட்டா இரட்டைப்படை விதிதான் டீஃபால்ட். சர்வர் பைத்தான், ஃப்ரண்ட்எண்ட் ஜாவாஸ்கிரிப்ட்னு இருந்து ரெண்டு எடத்துலயும் தனித்தனியா ரவுண்ட் பண்ணா, திரையில ஒரு தொகை, பிடிஎஃப் பில்லுல வேற தொகைன்னு கஸ்டமர் கேள்வி கேப்பாரு. ஒரே எடத்துல ரவுண்ட் பண்ணி அந்த எழுத்தையே ரெண்டு பக்கத்துக்கும் அனுப்புங்க.

பணம்னா ஃப்ளோட்டே வேண்டாம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. டெசிமல் மாட்யூல் எடுத்துக்கோங்க, டெசிமல்('2.675') மேல குவாண்டைஸ் கூப்பிட்டு, டெசிமல்('0.01')-ஐயும் ரவுண்டிங் ரவுண்ட்_ஹாஃப்_அப்-னும் குடுங்க, 2.68 வரும். ரெண்டு எடத்துல வழுக்கும். ஒண்ணு, மேற்கோள் குறி இல்லாம டெசிமல்(2.675)-னு எழுதினா அந்த 2.67499-தான் வால் முழுசோட உள்ள வரும், எனவே ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கணும். இன்னொண்ணு, ரவுண்டிங் எதுன்னு சொல்லாம விட்டா டெசிமலும் இரட்டைப்படை விதிக்குத்தான் போகும், 2.665 குடுத்தா 2.66 வரும். டெசிமலுக்கு மாறியாச்சு, இன்னும் ஒரு பைசா இடிக்குதுன்னு வர்றவங்க முக்கால்வாசி இந்த ரெண்டுல ஒண்ணுலதான் மாட்டியிருப்பாங்க.

டெசிமல் வேண்டாம், பைசாவா மாத்தி இன்டிஜரா வச்சுக்கறேன்னு சொன்னா அதுவும் நல்ல வழிதான். ஆனா மாத்தற எடத்துல இன்ட் போடாதீங்க. 19.99 பெருக்கல் 100 போட்டா 1998.9999999999998, அதுக்கு இன்ட் போட்டா 1998, ஒரு பைசா காணோம். இன்ட் ரவுண்ட் பண்ணாது, வெட்டிடும். அந்த எடத்துல ரவுண்ட் போடுங்க.

அறிகுறி: ரவுண்ட்(எக்ஸ், 2) போட்டாச்சு, இருந்தும் 2.50-க்கு பதிலா 2.5 வருது

ரவுண்ட் திருப்பித் தர்றது நம்பர், எழுத்து இல்ல. நம்பருக்கு கடைசி சைபர்னு ஒண்ணு கிடையாது. சைபர் வேணும்னா :.2எஃப். சைபர் வேண்டாம், 2.5-ன்னா 2.5, 100-ன்னா 100-னு வரணும்னா :ஜி போடுங்க. ஆனா ஜியோட டீஃபால்ட் மொத்தமே 6 இலக்கம்தான், 1234567.0 குடுத்தா 1.23457இ+06-னு (அதாவது 1.23457 பெருக்கல் 10-ன் அடுக்கு 6) ஆயிடும், அதனால .10ஜி, .12ஜின்னு தேவைக்கு ஏத்த மாதிரி ஏத்திக்கோங்க.

அறிகுறி: நடுவுல திடீர்னு இ வருது, 1.2இ+03, 1இ-05 மாதிரி

1234.5-க்கு 1.2இ+03 வந்தா :.2 மட்டும் எழுதி எஃப் விட்டுட்டீங்கன்னு அர்த்தம். எஃப் இல்லன்னா அந்த 2 புள்ளிக்கு அப்புறம் வர்ற இலக்கம் இல்ல, மொத்தமா முக்கியமான இலக்கமே 2-னு எடுத்துக்கும். சின்ன நம்பரோட மட்டும் டெஸ்ட் பண்ணா இது மாட்டாது, 3.14159-க்கு 3.1-னு நாகரிகமா வந்துட்டுப் போயிடும், மாசக் கடைசில பெரிய தொகை வர்ற அன்னிக்குத்தான் வெடிக்கும்.

ஒண்ணுமே ஃபார்மட் பண்ணாம பிரிண்ட் போட்டு 1இ-05 வந்தா அது இயல்பு, 0.0001 வரைக்கும் அப்படியே காட்டும், அதுக்குக் கீழ போனா இ போட்டுடும். மேல பக்கம் 10-ன் அடுக்கு 16-ல இருந்து இ வரும். வேண்டாம்னா :.8எஃப் மாதிரி நீங்களே சொல்லிடுங்க.

சி++ ஆளுங்களுக்கும் இதே பிரச்சனை வேற ரூபத்துல இருக்கு. திரைல எழுதற சிஅவுட்டோட டீஃபால்ட்டும் 6 இலக்கம்தான், செட்பிரெசிஷன்(2) மட்டும் போட்டு 123.456 அனுப்பினா 1.2இ+02 வரும். முன்னாடி ஃபிக்ஸ்டு அனுப்பணும். ஒருதடவை அனுப்பினா அந்த ஸ்ட்ரீம்ல அது ஒட்டிக்கிட்டே இருக்கும்ங்கறதையும் பாத்துக்கோங்க, வேற யாரோ எழுதின லாக் வரி மாறிப்போச்சுன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

அறிகுறி: பாக்கி -0.00-னு வருது

-0.001-ஐ ரெண்டு இலக்கமா மாத்தினா மைனஸ் அப்படியே நிக்கும். ஃப்ளோட்ல மைனஸ் சைபர்னு நிஜமாவே ஒண்ணு இருக்கு, சமமான்னு கேட்டா சாதா சைபருக்கு சமம்னுதான் சொல்லும், எனவே இஃப் போட்டு சைபரான்னு பாத்தெல்லாம் இதைப் பிடிக்க முடியாது. பைத்தான் 3.11-ல இருந்து இதுக்குன்னே இசட் எழுத்து வந்திருக்கு, :இசட்.2எஃப் போட்டா 0.00 வரும். பழைய வெர்ஷன்ல இருந்தா முதல்ல ரவுண்ட் பண்ணிட்டு 0.0-ஐ கூட்டிடுங்க, மைனஸ் போயிடும். வரிசை முக்கியம், கூட்டிட்டு அப்புறம் ரவுண்ட் பண்ணா பிரயோஜனம் இல்ல.

அறிகுறி: கமா போட்டா 12,34,567.89 வராம 1,234,567.89 வருது

:,.2எஃப்-ல வர்ற கமா மூணு மூணாத்தான் பிரிக்கும், லட்சம் கோடி அதுக்குத் தெரியாது. லோகேல்னா ஒவ்வொரு ஊரும் எண், தேதி எழுதற முறை; லோகேல் மாட்யூல்ல இஎன்_ஐஎன்.யூடிஎஃப்-8 செட் பண்ணிட்டு ஃபார்மட்_ஸ்ட்ரிங்ல குரூப்பிங் ட்ரூ குடுத்தா லினக்ஸ்ல நம்ம ஊர் முறைல வரும். உங்க லேப்டாப்ல வந்துட்டு டாக்கர்ல (புரோகிராமை அதுக்கு வேண்டியதோட இமேஜாக் கட்டி ஓட்டற முறை) அன்சப்போர்ட்டட் லோகேல் செட்டிங்னு எர்ரர் வந்தா அந்த இமேஜ்ல லோகேல் இன்ஸ்டால் ஆகலன்னு அர்த்தம். இன்னொண்ணு, செட்லோகேல் மொத்த பிராசஸுக்கும் மாத்திடும், வெப் சர்வர்ல ஒரு ரிக்வெஸ்ட்டுக்காக அதை மாத்தறது ஆபத்து. அந்த மாதிரி எடத்துல பேபல் லைப்ரரி போடுங்க, ஃபார்மட்_டெசிமலுக்கு லோகேலை ஆர்கியூமென்ட்டாவே குடுத்துடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்னா டூலோகேல்ஸ்ட்ரிங்ல இஎன்-ஐஎன் குடுத்தா போதும், ஆனா இலக்கம் எத்தனைன்னு சொல்லலன்னா அதிகபட்சம் மூணு வரைக்கும் அது இஷ்டத்துக்கு வரும், கம்மி பட்சம் அதிகபட்சம் ரெண்டையும் 2-னு குடுத்துடுங்க.

அறிகுறி: வேற நாட்டு மெஷின்ல 3.14 வராம 3,14 வருது

பைத்தான்ல எஃப் போட்டா லோகேலைக் கண்டுக்காது, அந்த எடத்துல ஆங்கில n எழுத்து போட்டா மட்டும்தான் கண்டுக்கும், அதனால இது பெரும்பாலும் ஜாவா ஆளுங்களோட பிரச்சனை. ஸ்ட்ரிங்.ஃபார்மட் மெஷினோட டீஃபால்ட் லோகேலை எடுத்துக்கும், ஜெர்மன் செட்டிங் இருக்கற கம்ப்யூட்டர்ல புள்ளி எடத்துல கமா வரும், அதை சிஎஸ்வில (கமாவால நெடுவரிசை பிரிக்கற ஃபைல்) எழுதினா ஒரு நெடுவரிசை ரெண்டாப் பிளந்துடும். மெஷின் படிக்கற ஃபைல்னா முதல் ஆர்கியூமென்ட்டா லோகேல்.ரூட் குடுங்க, மனுஷன் படிக்கறதுக்கு மட்டும் அவர் ஊர் லோகேல்.

அறிகுறி: ஒவ்வொரு வரியும் சரி, மொத்தம் மட்டும் ஒத்துவரல

10.444 மூணு வரி. ஒவ்வொண்ணும் 10.44-னு காட்டுது, பில்லைப் பாக்கறவர் கூட்டிப் பாத்தா 31.32, நீங்க போட்ட மொத்தம் 31.33. ரெண்டுமே சரியான கணக்குதான், எதை ரவுண்ட் பண்ணி எதைக் கூட்டினோம்ங்கறதுதான் வித்தியாசம். இதுக்கு ஃபார்மட்ல மருந்து இல்ல, விதி என்னன்னு அக்கவுன்ட்ஸ் ஆளுங்க கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. வரி வாரியா ரவுண்ட் பண்ணணும்னு சொன்னா, ரவுண்ட் பண்ண வேல்யூவையே வச்சுக் கூட்டணும். காட்டறது ஒண்ணு கூட்டறது ஒண்ணுன்னு இருக்கக் கூடாது.

வித்தியாசம் பைசால இல்லாம பதினஞ்சாவது பதினாறாவது இலக்கத்துல இருந்தா அது கூட்டல்ல சேர்ற தூசி. 0.1-ஐ பத்து தடவை கூட்டினா 0.9999999999999999 வரும், மேத்.எஃப்சம் போட்டா 1.0. பைத்தான் 3.12-ல இருந்து சாதா சம் ஃபங்ஷனே இதை இன்னும் கவனமா கூட்டுது, அதனால ஒரே கோட் ரெண்டு வெர்ஷன்ல ரெண்டு விடை தந்தா பயப்படாதீங்க.

அறிகுறி: திரையில 5.0, ஆனா வரம்பைத் தாண்டல

இதுக்கு ஒரு நிஜ சம்பவமே இருக்கு, அவுட்புட் ஃபார்மட்னா வெறும் அழகுக்குன்னு நினைக்கறவங்க கிட்ட நான் எப்பவும் சொல்றது. 1992 ஏப்ரல்ல ஜெர்மனில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தல். அங்க ஒரு கட்சி 5 சதவீதம் வாங்கினாத்தான் சட்டசபைல இடம். பசுமைக் கட்சிக்கு அன்னிக்கு ராத்திரி அச்சுல வந்தது 5.0 சதவீதம், உள்ள போயிட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நிஜத்துல 4.97. புரோகிராம் ஒரு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணி அச்சடிச்சிருக்கு. அப்புறம் கண்டுபிடிச்சு சீட்டுப் பங்கீட்டையே மாத்த வேண்டியதாப் போச்சு. மெமரில இருந்த நம்பர்ல ஒரு குறையும் இல்ல, எழுத்தை நம்பி முடிவெடுத்ததுதான் வினை.

உங்க கோட்ல பாஸ் மார்க், டிஸ்கவுன்ட் எல்லை, அலாரம் அடிக்கற வெப்பநிலைன்னு எது இருந்தாலும் ஒப்பிடறது ஒரிஜினல் நம்பரை வச்சு நடக்கட்டும். எல்லைக்குப் பக்கத்துல வர்ற வேல்யூவுக்கு இன்னும் ரெண்டு இலக்கம் சேத்துக் காட்டுங்க, இல்ல எல்லையைத் தொடலன்னா 4.9-னு கீழ தள்ளியே காட்டுங்க.

சதவீதத்துல இன்னொரு பொறி, :.1%-ங்கறது தானே நூறால பெருக்கிடும். 0.256-க்கு 25.6% வரும், நீங்க முன்னாடியே பெருக்கி வச்சிருந்தா 2560.0%-னு வந்து நிக்கும்.

சட்டுனு முடியற சிலது

அன்நோன் ஃபார்மட் கோட் எஃப், டைப் எஸ்டிஆர்னு எர்ரர் வந்தா உங்க கையில இருக்கறது நம்பரே இல்ல, இன்புட்ல இருந்தோ சிஎஸ்வில இருந்தோ வந்த ஸ்ட்ரிங், முதல்ல ஃப்ளோட்டா மாத்துங்க. நன்டைப்னு எர்ரர் வந்தா டேட்டாபேஸ்ல அந்தக் கட்டம் காலியா இருக்கு.

பிரிண்ட் பண்ணா என்பி.ஃப்ளோட்64(0.5)-னு பேரோட வருதுன்னா நம்பை (NumPy, கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) 2-க்கு அப்டேட் ஆகியிருக்கு, லிஸ்ட்டை பிரிண்ட் பண்ற எடத்துல தெரியும். அர்ரேயை டூலிஸ்ட் போட்டு மாத்திட்டு பிரிண்ட் பண்ணுங்க.

0.1 போட்ட எடத்துல 0.10000000149011612 வந்தா எங்கயோ வழில 32 பிட் ஃப்ளோட் ஒண்ணு இருக்கு. அதுல ஏழாவது இலக்கம் வரைதான் நம்பலாம்னு வச்சுக்கோங்க, 64-க்கு மாத்தினாலும் போன துல்லியம் திரும்ப வராது, மூலத்துலயே டைப்பை மாத்தணும்.

பெரிய ஐடி நம்பரோட கடைசி இலக்கம் மாறுது, 9007199254740993 போட்டா 9007199254740992 வருதுன்னா அது ஃப்ளோட்டா மாறியிருக்கு. 2-ன் அடுக்கு 53-க்கு மேல எல்லா முழு எண்ணும் ஃப்ளோட்ல உக்காராது. ஐடியை ஸ்ட்ரிங்காவே வச்சுக்கோங்க, அதை வச்சு யாரும் கூட்டல் கழித்தல் போடப் போறதில்ல.

அறிகுறி: தமிழ்ப் பேர் இருக்கற பில்லுல நம்பர் நெடுவரிசை கோணலா வருது

:10.2எஃப்-ல அந்த 10 மொத்த அகலம், புள்ளி, மைனஸ் எல்லாம் சேத்து. புள்ளிக்கு முன்னாடி 10 இலக்கம்னு நினைச்சுடாதீங்க. நம்பர் அதை விடப் பெருசா இருந்தா வெட்டாது, வெளிய பிதுங்கும், அந்த வரி மட்டும் நகந்து நிக்கும். அதுக்கு அகலத்தைக் கூட்டினா போதும்.

ஆனா அகலம் எல்லாம் சரியா இருந்தும், பக்கத்துல பொருளோட பேர் தமிழ்ல இருந்தா எல்லா வரியும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். பைத்தான் அகலத்தை யூனிகோட் குறியை எண்ணிக் கணக்குப் போடுது. தக்காளிங்கறது கண்ணுக்கு நாலு எழுத்து, ஆனா புள்ளி, கால், இகரக் குறி எல்லாம் தனித்தனி குறி, மொத்தம் ஏழு. அப்போ அது ஏழு எடம் போச்சுன்னு நினைச்சு கம்மியா ஸ்பேஸ் விடும். இதுக்கு நிறைய பேர் ஸ்பேஸை கையால கூட்டிக் குறைச்சுப் பாக்கறாங்க, ஒரு டெர்மினல்ல சரியா வந்தா இன்னொண்ணுல கெட்டுப்போகும், ஏன்னா தமிழ் எழுத்தோட அகலமே ஃபான்டைப் பொறுத்து மாறும். டெர்மினல்ல காட்டணும்னா எண் நெடுவரிசைகளை எல்லாம் இடது பக்கம் வச்சுட்டு பேரை வரியோட கடைசில போடுங்க, பேர் எவ்வளவு நீளமா இருந்தாலும் தள்ளறதுக்கு அதுக்கு அப்புறம் ஒண்ணும் இருக்காது. பிரிண்ட் எடுக்கற பில்லுன்னா எச்டிஎம்எல் டேபிள்ல போட்டு நம்பர் கட்டத்தை வலது பக்கமா ஒட்ட வச்சிடுங்க.